தேனிரும்பு வேலைப்பாடுகளைப் புதுப்பித்தலும் வர்ணம் பூசுதலும்

இரும்பு துருப்பிடிக்கும் என்பதை அறியாதார் இல்லை. ஆனால் அது எவ்விடத்தில் விரைவாகத் துருப்பிடிக்கும் என்று வினவினால், வெயில் கடுமையாக உள்ள இடத்தில்தான் என்று பலர் விடை கூறுவர். உண்மை இதற்கு மாறானது. வெயில் இரும்பை அழிப்பதில்லை. இரும்பின் மேலுள்ள வர்ணத்தையே அழிக்கிறது. இரும்பை அழிப்பது ஈரம். இவ்விரண்டும் வெவ்வேறு பகைகள். ஆகவே இவற்றைத் தடுக்கும் முறைகளும் வெவ்வேறாக அமைய வேண்டும்.

இந்த வேறுபாட்டைக் கருதாமல் வர்ணம் பூசுவதனால் ஏற்படும் நஷ்டம் சிறிதன்று. பள்ளிகளின் வாயிற்கதவுகள், மாடிப்படிக் கைப்பிடிகள், அலுவலகங்களின் சாளரக் கிராதிகள், சிறு பாலங்களின் தடுப்புக் கம்பிகள் ஆகியவை ஆண்டுதோறும் வர்ணம் பூசப்பட்டும், உள்ளே துருவேறி, ஒரு நாள் பழைய இரும்புக் கடையைச் சென்றடைகின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் கொல்லர் உலைக்களத்தில் காய்ச்சி அடித்து உருவாக்கிய வேலைப்பாடு அவ்வாறு மறைந்தால், அதே பொருளில் அதை மீண்டும் செய்து வைப்பது இன்று ஏறக்குறைய இயலாத காரியம். அதன் காரணத்தையும், அதைத் தடுக்கும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

இப்பொருளை ஆராய்வதற்குக் கொல்கத்தா மிகவும் பொருத்தமான நகரம். வடகொல்கத்தாவின் பழைய மாளிகைகளில் உப்பரிகைக் கிராதிகளும், மாடிப்படிக் கைப்பிடிகளும், தோட்ட வாயில்களும் தேனிரும்பிலும் வார்ப்பிரும்பிலும் செய்யப்பட்டு இன்றும் நிற்கின்றன. ஹூக்ளி நதியின் மேல் எஃகினால் அமைந்த ஹௌரா பாலம் நிற்கிறது. கட்டடப் பொருள்களையும் வர்ணங்களையும் சோதிக்கும் நேஷனல் டெஸ்ட் ஹவுஸ் என்னும் மத்திய அரசின் சோதனை நிலையம் 1912ஆம் ஆண்டில் இந்நகரில்தான் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்நகரின் இரும்பையும், 200 மில்லிமீட்டர் அளவே மழை காணும் ஜெய்சால்மர் போன்ற பாலைநில ஊர்களின் இரும்பையும் ஒப்பிட்டால், வர்ணம் பூசும் கலையின் அடிப்படைகள் யாவும் தெளிவாகும்.

தேனிரும்பு யாது?

இரும்பு என்று பொதுவாக நாம் கூறும் பொருள் மூன்று வகைப்படும். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கரி கலந்திருக்கும். அதை உருக்கி அச்சில் ஊற்றலாம். ஆனால் சம்மட்டியால் அடித்தால் உடைந்துவிடும். தேனிரும்பில் கரியின் அளவு நூற்றில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அதைக் காய்ச்சி வளைக்கலாம், முறுக்கலாம், ஒன்றோடொன்று அடித்து இணைக்கலாம். எஃகு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

தேனிரும்பிற்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. அதில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை கசடு நீண்ட நார்களாகப் பரவியிருக்கும். உலையில் களிபோல் இளகிய இரும்பைச் சம்மட்டியால் அடித்து நீட்டும்போது கசடும் உடன் நீண்டு நாராகிறது. ஆகவே தேனிரும்பு மரத்தைப் போல நார்ப்பாங்கு உடையது. நன்கு துருவேறிய பழைய தேனிரும்புக் கம்பியைப் பார்த்தால், வெயிலில் கிடந்த மரக்கட்டையைப் போல வரிவரியாகவும் அடுக்கடுக்காகவும் பிரிந்திருப்பதைக் காணலாம்.

இங்கிலாந்தில் ஹென்றி கார்ட் என்பவர் 1784ஆம் ஆண்டில் உரிமை பெற்ற உலை முறையினால் தேனிரும்பு பெருமளவில் உற்பத்தியாயிற்று. 1889ஆம் ஆண்டில் பாரிஸில் எழுந்த ஐஃபெல் கோபுரம் இவ்வகை இரும்பினால் ஆனதே. அதன் இரும்பின் எடை மட்டும் சுமார் 7,300 டன். ஆனால் பெஸ்ஸமர் 1856ஆம் ஆண்டில் மலிவாக எஃகு செய்யும் முறையை வெளியிட்ட பின்னர் தேனிரும்பின் தேவை படிப்படியாகக் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் இங்கிலாந்திலும் அதன் வாணிப உற்பத்தி நின்றுபோயிற்று. இன்று கடையில் கிடைப்பது எஃகுக் கம்பியே. பழைய தேனிரும்புக் கிராதியைக் கழற்றி எறிபவர், கடையில் கிடைக்காத ஒரு பொருளை எறிகிறார் என்பது இதனால் விளங்கும்.

துரு உண்டாகும் விதம்

இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் சேரும்போதுதான் துரு உண்டாகிறது. இவற்றுள் ஒன்று இல்லையெனினும் துரு இல்லை. ஈரம் படிந்த இரும்பின் ஒரு புள்ளியிலிருந்து இரும்பு அணுக்கள் கரைகின்றன. அருகிலுள்ள மற்றொரு புள்ளியில் பிராணவாயு நீருடன் சேர்ந்து மாறுதல் அடைகிறது. இரு புள்ளிகளுக்கும் இடையே மிகச் சிறு மின்னோட்டம் நிகழ்கிறது. நீரில் உப்பு கலந்திருந்தால் இம்மின்னோட்டம் எளிதாகிறது, துருவும் விரைவாகிறது.

காற்றில் ஈரம் எவ்வளவு இருந்தால் துரு தொடங்கும் என்பதை வெர்னன் என்ற ஆங்கில விஞ்ஞானி 1920களிலும் 1930களிலும் ஆராய்ந்தார். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது என்னும் அளவைத் தாண்டும்போது, அசுத்தங்கள் கலந்த காற்றில் துருவின் வேகம் திடீரென்று மிகுவதை அவர் கண்டார். கொல்கத்தாவில் மழைக்காலம் முழுவதும் ஈரப்பதம் பெரும்பாலும் இவ்வெல்லைக்கு மேலேயே இருக்கிறது. ஜெய்சால்மரில் கோடைப் பகற்பொழுதில் இவ்வெல்லையை எட்டுவதே இல்லை. உலகின் பல தேசங்களில் இரும்புத் துண்டுகளைத் திறந்த வெளியில் வைத்துச் சோதித்த ஹட்சன் என்னும் மற்றோர் ஆங்கில விஞ்ஞானி, பாலைநில நகரமான கார்ட்டூமில் அவை மிகச் சிறிதே தேய்ந்தன என்று அறிவித்தார்.

துரு தான் உண்டாகக் காரணமான இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. இதனாலேயே கிராதியின் கால் கல்லிலோ சிமெண்டிலோ பதிக்கப்பட்ட இடத்தில் துரு உண்டானால், கல்லே பிளந்துவிடுகிறது.

பாலைநிலத்தின் தீங்குகள்

அங்ஙனமாயின் பாலைநிலத்தில் இரும்பிற்கு ஆபத்தே இல்லையா எனின், உண்டு. அது வேறு வழியில் வருகிறது.

முதலாவது, சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் வர்ணத்திலுள்ள எண்ணெயையும் பிசினையும் சிதைக்கின்றன. வர்ணத்தின் மேற்புறம் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்து, தொட்டால் கையில் ஒட்டுகிறது. பின்னர் வெடிக்கிறது.

இரண்டாவது, பகலுக்கும் இரவுக்கும் உஷ்ண வேறுபாடு மிகுதி. இரும்பு ஒரு டிகிரி உஷ்ணம் ஏறும்போது தன் நீளத்தில் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு நீள்கிறது. பத்து மீட்டர் நீளமுள்ள கம்பி, 40 டிகிரி வேறுபாட்டில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். இளகும் தன்மையை இழந்த பழைய வர்ணம் இவ்வசைவைத் தாங்காமல் விரிசல் விடுகிறது.

மூன்றாவது, காற்றில் வரும் மணல் வர்ணத்தைத் தேய்க்கிறது. மணல் பெரும்பாலும் தரையை ஒட்டியே துள்ளிச் செல்வதால், வாயிற்கதவின் கீழ்ப்பகுதியே முதலில் தேய்கிறது.

நான்காவது தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. அதுவே மற்றவற்றைவிடக் கடுமையானது. தார்ப் பாலைநிலத்திலும் அதன் ஓரங்களிலும் சாம்பர், டீட்வானா, பச்பத்ரா போன்ற உப்பேரிகள் உள்ளன. அப்பகுதியின் புழுதியில் உப்பு கலந்திருக்கிறது. சோற்றுப்பு, ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தை எட்டினால் காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைகிறது. மக்னீசியம் குளோரைடோ முப்பத்து மூன்றிலேயே கரையத் தொடங்குகிறது. மேகமற்ற இரவில் இரும்பு தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வெளியிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. விடியற்காலையில் அதன்மேல் பனி படிகிறது. வெடித்த வர்ணத்தின் அடியில் புகுந்த உப்புப் புழுதி அப்பனியை உறிஞ்சி, சூரியன் ஏறும்வரை இரும்பை நனைத்து வைக்கிறது. மழை குறைவாதலின் அவ்வுப்பைக் கழுவுவாரும் இல்லை.

தில்லித் தூண் கற்பிப்பது

வறண்ட காற்றின் நன்மைக்குத் தில்லி மெஹ்ரௌலியிலுள்ள இரும்புத் தூணையே சான்றாகக் காட்டுவது வழக்கம். குப்த மன்னர் காலத்தைச் சேர்ந்ததும், சுமார் 1,600 ஆண்டுகள் பழமையானதுமான இத்தூண் 7.2 மீட்டர் உயரமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உள்ள தேனிரும்பு. தில்லிக் காற்றில் இரும்பை அரிக்கும் ஆற்றல் குறைவு என்பதை ஹட்சன் 1953ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பின்னர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம், இவ்விரும்பில் உள்ள மிகுந்த பாஸ்பரஸ் காரணமாக அதன் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகியிருப்பதை 2000ஆம் ஆண்டில் விளக்கினார்.

ஆயினும் இத்தூணும் துருவை முற்றிலும் வென்றதன்று. மண்ணுள் புதைந்திருந்த அடிப்பகுதி துருவேறியிருந்தது. பார்வையாளர்கள் கட்டிப்பிடித்துப் பார்த்த பகுதியில் படலம் தேய்ந்தது. ஆகவே 1997ஆம் ஆண்டில் சுற்றிலும் வேலி அமைக்கப்பட்டது. ஒரே இரும்பு, ஒரே உலோகக் கலவை. காற்றில் உலர்ந்து நின்ற பகுதி பிழைத்தது, ஈரத்தில் இருந்த பகுதி அரிபட்டது. களப் பணியாளர் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே. எந்த இரும்பு வேலைப்பாட்டையும் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது, ஈரம் தங்கும் இடம் எது என்பதைத்தான்.

ஹௌரா பாலத்தின் அநுபவம்

1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஹௌரா பாலம், 1965இல் ரவீந்திர சேது என்று பெயர் பெற்றது. அதில் 26,500 டன் எஃகு உள்ளது. அவற்றுள் சுமார் 23,000 டன் டாட்டா நிறுவனம் தயாரித்த டிஸ்க்ரோம் என்னும் உயர்வலிமை எஃகு. பாலம் முழுவதும் ரிவெட்டுகளால் பிணைக்கப்பட்டது. நடுத்தாவின் நீளம் 457 மீட்டர். இது தேனிரும்பு அன்று. எனினும் கங்கைச் சமவெளியின் காற்றில் இரும்பினத்தைக் காப்பது எங்ஙனம் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனைச்சாலை இல்லை.

2004ஆம் ஆண்டில் இப்பாலத்திற்கு முழுமையாக வர்ணம் பூசப்பட்டபோது, துத்தநாகக் குரோமேட் பிரைமரின் மேல் இரண்டு பூச்சு அலுமினிய வர்ணம் அளிக்கப்பட்டது. அதற்குச் செலவான வர்ணம் 26,500 லிட்டர். அலுமினிய வர்ணத்தைத் தேர்ந்தெடுப்பதில் காரணம் உண்டு. அதிலுள்ள அலுமினியத் தூள் மெல்லிய தகடுகளாக மீன் செதிள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. நீர் உட்புக வேண்டுமாயின் ஒவ்வொரு செதிளையும் சுற்றிச் செல்ல வேண்டும். அச்செதிள்களே சூரிய ஒளியையும் திருப்பி அனுப்பி, அடியிலுள்ள பிசினைக் காக்கின்றன. ஆகவே இவ்வர்ணம் ஈரநிலத்திற்கும் பாலைநிலத்திற்கும் பொருந்துவது.

ஆனால் நல்ல வர்ணமும் ஓரிடத்தில் தோற்றது. பாலத்தைத் தாங்கும் தொங்குதண்டுகளின் அடிப்பகுதியில், இணைப்புகளுக்குள் நீர் இறங்காதபடி எஃகு மூடிகள் அமைந்துள்ளன. 2011ஆம் ஆண்டில் துறைமுக அதிகாரிகள் பரிசோதித்தபோது, ஆறு மில்லிமீட்டர் கனமாக இருந்த இம்மூடிகள் நான்கு ஆண்டுகளில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தன. வழிப்போக்கர் ஓயாது துப்பிய வெற்றிலை, குட்கா எச்சிலே இதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. பின்னர் அவ்விடங்களைக் கண்ணாடி இழைத் தகடுகளால் மூட ஏற்பாடு செய்யப்பட்டது. பறவைகளின் எச்சத்தை அகற்றுவதற்கும் தனியே பணம் ஒதுக்கப்பட்டு வந்தது. மழையும் வெயிலும் படும் உயர்ந்த உத்திரங்களைவிட, கைக்கெட்டும் தூரத்தில் அழுக்கும் ஈரமும் நாள்தோறும் சேர்ந்த அடிப்பகுதியே மிகுதியாகக் கெட்டது என்பது நோக்கத்தக்கது. நம் பள்ளிகளின் வாயிற்கதவுகளிலும் இதுவே நிகழ்கிறது.

புதுப்பிக்கும் முறை

பழைய இரும்பு வேலைப்பாட்டைப் புதுப்பிக்கும் பணியைக் கீழ்க்காணும் வரிசையில் செய்தல் நன்று. வரிசையை மாற்றினால் பலன் கிட்டாது.

முதலில் பொருளை இன்னதென்று அறிய வேண்டும். வார்ப்பிரும்பில் ஒரே பூவேலை அச்சுமாறாமல் பலமுறை வரும். அச்சின் தையல் தடம் தெரியும். தேனிரும்பில் ஒவ்வொரு சுருளும் சிறிது வேறுபடும். கழுத்துப்பட்டைகளும் ரிவெட்டுகளும் கொண்டு இணைக்கப்பட்டிருக்கும். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணிட்டு எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது, சுரண்டுவதற்கு முன் கழுவ வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. நீரில் கரையும் உப்பைக் கம்பி பிரஷினால் அகற்ற இயலாது. பிரஷ் அதைத் துருவின் குழிகளுக்குள் இன்னும் ஆழமாகத் தேய்த்துவிடும். நல்ல நீரில் இருமுறை கழுவி உலரவிட வேண்டும். பாலைநிலத்திலும், சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களிலும் இது இன்றியமையாதது.

மூன்றாவது, உதிரும் வர்ணத்தையும் தளர்ந்த துருவையும் சுரண்டியாலும் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் அகற்ற வேண்டும். உறுதியாகப் பற்றியிருக்கும் பழைய வர்ணத்தை வலிந்து பெயர்க்க வேண்டியதில்லை. தேனிரும்பின் மேல் சுழலும் அரைப்பொறியை அழுத்திப் பிடித்தால் கொல்லரின் சம்மட்டித் தழும்புகள் மறையும். இரும்பின் கனமும் குறையும். பிரஷ் எட்டாத நுண்ணிய வேலைப்பாடுகளில் டானிக் அமிலக் கரைசலைத் தடவலாம். அது துருவுடன் கூடி நீலக் கறுப்பான, நீரில் கரையாத பொருளாகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் கொண்டு நம் முன்னோர் மை செய்ததும் இதே ரசாயன மாறுதலால்தான்.

நான்காவது, நீர் தங்கும் இடங்களை ஒழிக்க வேண்டும். இரு பட்டைகள் சேரும் இடுக்குகளை ஏற்ற பசையால் அடைத்தல், குழிவான இடங்களில் நீர் வடியத் துளையிடுதல், கிராதியின் கால் பதிந்த இடத்தைச் சுற்றிச் சிமெண்டைச் சரிவாக அமைத்தல் ஆகியவை இதில் அடங்கும். கொல்கத்தாவின் பழைய கட்டடங்களில் அரசு, ஆல் ஆகியவற்றின் கன்றுகள் இடுக்குகளில் வேரூன்றி ஈரத்தைத் தேக்குகின்றன. அவற்றை வேருடன் அகற்ற வேண்டும். ஒடிந்த பகுதியை மட்டும் மாற்றுவது போதுமானது. தேனிரும்பு கிடைக்காதபோது மென் எஃகைப் பயன்படுத்தலாம். பழைய இணைப்பு முறையாகிய ரிவெட்டையும் பட்டையையும் கையாளுவதே சிறந்தது. வார்ப்பிரும்பை ஆர்க் வெல்டிங் செய்ய முற்பட்டால் பெரும்பாலும் விரிசல் காணும்.

ஐந்தாவது, தூய்மையான இரும்பின் மேல் அன்றைய தினமே பிரைமர் பூச வேண்டும். கொல்கத்தாவின் ஈரக் காற்றில் சில மணி நேரத்திற்குள் புதிய துரு மெல்லிய பொன்னிறமாகத் தோன்றிவிடும். கூரிய விளிம்புகளிலும் ரிவெட்டுத் தலைகளிலும் வர்ணம் மெலிந்துவிடும் இயல்புடையது. ஆகவே விளிம்புகளுக்கு முதலில் தனியே ஒரு பூச்சு அளித்து, பின்னர் முழுவதும் பூச வேண்டும். பிரைமர் இரண்டு, மேற்பூச்சு இரண்டு என்பது நல்ல அளவு. ஒரு லிட்டர் வர்ணத்தைப் பத்துச் சதுர மீட்டர் பரப்பில் பூசினால், ஈரப் படலத்தின் கனம் பத்தில் ஒரு மில்லிமீட்டர். அதில் பாதி ஆவியாகும் பொருளெனின், உலர்ந்தபின் நிற்பது இருபதில் ஒரு மில்லிமீட்டரே. டர்ப்பன்டைனை மிகுதியாகக் கலந்து ‘நீட்டிப்’ பூசுவோர் சேமிப்பது வர்ணத்தை, இழப்பது இரும்பை.

பூசுவதற்கேற்ற காலமும் நேரமும்

வர்ணம் பூசும் நேரத்தை நிர்ணயிக்க எளிய விதி ஒன்றுண்டு. இரும்பின் உஷ்ணம், காற்றில் பனி படியும் உஷ்ணநிலையைவிடக் குறைந்தது மூன்று டிகிரி மேலாக இருக்க வேண்டும். கொல்கத்தாவில் மழைக்கால நாளொன்றில் காற்றின் உஷ்ணம் 30 டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதும் ஆயின், பனிபடுநிலை சுமார் 26 டிகிரி. நிழலிலுள்ள இரும்பு 28 டிகிரியாக இருந்தால், பார்வைக்கு அது உலர்ந்து தோன்றினும் வர்ணம் பூசலாகாது. ஜெய்சால்மரில் 40 டிகிரி உஷ்ணமும் ஈரப்பதம் இருபதும் உள்ள நாளில் பனிபடுநிலை சுமார் 13 டிகிரிதான். ஈரத்தைப்பற்றிய கவலை இல்லை. ஆனால் அங்கு வெயிலில் நிற்கும் இரும்பு கையை வைக்க இயலாத அளவு சுடும். அதன்மேல் பூசிய வர்ணம் பரவுவதற்கு முன்பே அதன் திரவம் ஆவியாகி, ஊசித் துளைகளும் கொப்புளங்களும் உண்டாகின்றன.

ஆகவே கொல்கத்தாவில் மழை நின்றபின், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பனி உலர்ந்த முற்பகல் தொடங்கிப் பிற்பகல் நடுவரை வேலை செய்தல் ஏற்றது. பாலைநிலத்திலும் குளிர்காலமே நல்லது. அங்குக் காலையில் பனி உலர்ந்தவுடன் தொடங்கி, வெயில் ஏறுமுன் நிறுத்தி, நிழல் செல்லும் பக்கத்தையே தொடர்ந்து பூசிச் செல்ல வேண்டும். மணற்காற்று வீசும் மே, ஜூன் மாதங்களை விலக்க வேண்டும். கறுப்பு வர்ணம் வெப்பத்தை மிகுதியாக ஈர்ப்பதால், பாலைநிலத்தில் அலுமினிய வர்ணமோ வெளிறிய நிறமோ சிறந்தது. எபாக்சி வர்ணம் உறுதியானதெனினும் வெயிலில் விரைவில் வெளுப்பதால், அதன்மேல் பாலியூரித்தேன் மேற்பூச்சு வேண்டும்.

தொழிலாளரின் உடல்நலம்

முன்னாளில் இரும்பிற்குச் சிறந்த பிரைமராகக் கருதப்பட்டது ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈயச் செந்தூரம். அது இரும்பை நன்கு காத்தது. அதைச் சுரண்டிய தொழிலாளரைக் காக்கவில்லை. ஈயத் தூசி மூச்சு வழியாகவும் உணவு வழியாகவும் உடலிற் சேர்ந்து நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கிறது; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கிறது. வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருக்கலாகாது என்று 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த விதி, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. துத்தநாகக் குரோமேட்டும் புற்றுநோய் விளைக்கக் கூடியதென அறியப்பட்டுள்ளது. இப்பொழுது அவ்விரண்டிற்கும் மாற்றாகத் துத்தநாகப் பாஸ்பேட் பிரைமர் கிடைக்கிறது.

எனினும் பழைய கிராதிகளின் அடிப்பூச்சில் ஈயம் இன்னும் இருக்கிறது. ஆரஞ்சு நிறமான அடிப்பூச்சைக் கண்டால் அதை ஈயம் என்றே கருதி நடக்க வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்த்தலும் தீயால் பொசுக்குதலும் கூடாது. நீர் தெளித்து ஈரமாகவே தேய்த்து, கீழே விரித்த துணியில் விழுவதைச் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். தொழிலாளருக்குத் தூசியை வடிகட்டும் முகமூடி அளிக்க வேண்டும். கைகழுவாமல் உண்ணலாகாது. பள்ளிகளில் இவ்வேலையை விடுமுறையில் மட்டுமே செய்ய வேண்டும். மாணவரை இதில் ஈடுபடுத்தலாகாது.

வகுப்பறையில் செய்யத்தக்க சோதனைகள்

ஆசிரியர்கள் இப்பாடத்தை எளிய முறையில் விளக்கலாம். நான்கு சோதனைக் குழாய்களில் ஒவ்வோர் ஆணியை இடுக. முதலாவதில் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடை இட்டு மூடுக. இரண்டாவதில் கொதித்து ஆறிய நீரை ஊற்றி மேலே எண்ணெய் விடுக. மூன்றாவதில் சாதாரண நீரையும், நான்காவதில் உப்பு நீரையும் பாதியளவு ஊற்றுக. ஒரு வாரத்தில் முதலிரண்டும் பளபளப்பாகவும், மற்ற இரண்டும் துருவேறியும் இருக்கும். பாலைநிலம், ஈரநிலம், கடற்கரை ஆகியவற்றின் வேறுபாடு மாணவருக்குத் தானே புலப்படும்.

துரு ஒரு மின் நிகழ்ச்சி என்பதைக் காட்ட, இளஞ்சூடான அகார் கரைசலில் சிறிது உப்பும், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும், பினால்ப்தலீனும் சேர்த்து, ஓர் ஆணியின் மேல் ஊற்றி உறையவிடலாம். ஆணியின் தலையிலும் முனையிலும் நீலமும், நடுவில் இளஞ்சிவப்பும் தோன்றும். நீலம் தோன்றும் இடத்தில் இரும்பு கரைகிறது. சம்மட்டியால் அடிபட்ட பகுதிகள் முதலில் அரிபடுவதையும் இது உணர்த்தும். இக்கலவையில் அமிலம் எதையும் சேர்க்கலாகாது.

கழுவிய இரும்பில் உப்பு எஞ்சியுள்ளதா என்பதைக் களப் பணியாளரும் சோதிக்கலாம். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சினால் இரும்பைத் துடைத்து, அந்நீரைப் பிழிந்து, வெள்ளி நைட்ரேட் கரைசல் சில துளிகள் விட்டால், உப்பு இருப்பின் பால்போல் கலங்கும். குழாய் நீரிலேயே குளோரைடு இருப்பதால், இச்சோதனைக்கு அதைப் பயன்படுத்தலாகாது.

தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு

தமிழ்நாட்டில் இப்பொருளைப்பற்றி ஆராயும் நிலையம் காரைக்குடியிலேயே உள்ளது. 1953ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், இந்தியாவின் பல ஊர்களில் உலோகம் அரிபடும் வேகத்தை அளந்து தேசப்படம் ஒன்றைத் தயாரித்தது. கடற்காற்றின் கொடுமைக்குப் பாம்பன் பாலமே சான்று. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் எஃகிற்குப் பாலிசிலாக்ஸேன் என்னும் புதிய வகைப் பூச்சு அளிக்கப்பட்டுள்ளது. ஐஃபெல் கோபுரமோ ஏறக்குறைய ஏழாண்டுகளுக்கு ஒருமுறை சுமார் 60 டன் வர்ணத்தைக் கையால் பூசிக்கொண்டு 130 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அது நிற்பதற்குக் காரணம் முறை தவறாத பராமரிப்பு.

இத்தகைய பராமரிப்பிற்கு ஒரு சிறு பதிவேடு போதும். பொறுப்பிலுள்ள ஒவ்வொரு வாயிற்கதவுக்கும் கிராதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வர்ணம் பூசிய தேதி, பிரைமரின் பெயர், பூச்சுகளின் எண்ணிக்கை, அன்றைய ஈரப்பதம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். மழைக்காலம் முடிந்தவுடன் ஒருமுறையும், கோடை தொடங்குமுன் ஒருமுறையும் நல்ல நீரில் கழுவி, கால் பதிந்த இடத்தையும் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். கைப்பிடி அளவு துரு தெரிந்தபோதே அவ்விடத்தைச் சுரண்டி, கழுவி, பிரைமர் இட்டுப் பூசினால் அரைநாள் வேலையோடு முடியும். கழுவுவதற்கு ஒரு வாளி நீரும், சுரண்ட ஒரு கம்பி பிரஷும், கால் லிட்டர் பிரைமரும் எந்தப் பள்ளியிலும் எந்த அலுவலகத்திலும் வைத்துக்கொள்ளத்தக்கவையே. இவ்வாண்டு மழை நின்றவுடன் முதற் பார்வையைத் தொடங்கலாம்.